முதல் குடித்தனம்

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கண்ணாடிக்கடைக்காரருக்கு இந்த வம்பே வந்திருக்காது. கடைத்தெருவில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. எதிரே உட்காருகிறவரிடம் எழுத்துப் பலகையைக் காட்டி, இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று கேட்டுக் கேட்டுப் பழகிய மனிதர், மாநகராட்சி உறுப்பினரான பிறகு மன்றத்திலும் அதே தொனியில் கேள்வி கேட்டார். பதில் வருகிறதோ இல்லையோ, கேள்வி மறுநாள் பேப்பரில் வந்துவிடும். அதில் அவருக்கு ஒரு சின்ன ருசி.

விவகாரம் பழைய விமானத் திடலைப் பற்றியது. ஊருக்கு வடக்கே, விமானம் இறங்குவது நின்றுபோய் எத்தனையோ காலமான அந்த வெட்டவெளியை மாநகராட்சி ஒரு பில்டரிடம் ஒப்படைத்திருந்தது. ஒப்பந்தம் தெளிவானது. முதலில் தண்ணீர்த் தொட்டி, சாக்கடைக் குழாய், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம். இதெல்லாம் எழுந்து நின்ற பிறகுதான் வீடு. ஊரின் தென்கோடியில் இதற்கு முன் ஒரு தடவை வீட்டை முதலில் கட்டவிட்டு, அங்கே குடிபோனவர்கள் இன்றைக்கும் குடமும் கையுமாக அலைகிறார்கள். பட்ட சூடு ஆறாததால் வந்த வரிசை அது.

பில்டர் இதுவரை கட்டியது ஒரு மதில், ஒரு வளைவு, வளைவுக்கு உள்ளே ஒரு நீரூற்று. நீரூற்றில் தண்ணீர் வராது, கலர் விளக்கு மட்டும் எரியும். இந்த லட்சணத்தில், வரிசையைக் கொஞ்சம் மாற்றி வீடுகளை முதலில் கட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று விண்ணப்பம் போட்டிருந்தார். அதற்கு 'முன்கூட்டிய குடியமர்வு' என்று பெயர் வேறு. கேட்டால் குறைப்பிரசவம் மாதிரி இருக்கிறது என்றாள் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

மன்றக் கூடத்தின் நடுவில் மாதிரி நகரத்தை ஒரு மேஜைமேல் வைத்திருந்தார்கள். ஸ்பாஞ்சு மரங்கள், விரல் நுனி உயரத்துக்குப் பிளாஸ்டிக் மனிதர்கள், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு பிளாஸ்டிக் பெண். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அட்டையில் ஜோராக எழும்பியிருந்தன. உறுப்பினர்கள் குனிந்து குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தார்கள். ஒருவர் பஸ்ஸை எடுத்து உருட்டியே பார்த்துவிட்டார்.

பில்டர் மெல்லிய குரலில் பேசினார். மக்கள் வந்தால்தான் கடை வரும், கடை வந்தால்தான் பஸ் வரும், பஸ் வந்தால்தான் வாத்தியாரும் டாக்டரும் வருவார்கள். ஆகவே முதலில் வர வேண்டியவர்கள் மக்கள்தான் என்றார். தண்ணீர்? அது மக்களைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வருமாம். அவர் சொன்ன விதத்தில், இத்தனை நாள் அந்த மனிதரை வீடு கட்டவிடாமல் கொடுமைப்படுத்திவிட்டோமே என்று சில உறுப்பினர்கள் உச்சுக்கொட்டவே ஆரம்பித்துவிட்டார்கள்.

கூடம் இரண்டாகப் பிரிந்து நின்றது. மேயருக்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. எந்தத் தகராறு வந்தாலும் அதற்கு ஒரு துணைக்குழு போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர். அன்றும் அவர் துணைக்குழு என்று வாயெடுக்கும்போதுதான் கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தண்ணி வரும், பஸ் வரும், எல்லாம் பின்னாடியே வரும்னு சொல்றீங்க. ரொம்ப நல்லது. அப்ப முதல்ல நீங்க போய் அங்க குடியிருங்க. ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து காட்டுங்க. அப்புறம் நாங்க கையத் தூக்கறோம்."

கூடம் அதிர்ந்தது. எதிர்த்தவர்கள் மேஜையைத் தட்டினார்கள், ஆதரித்தவர்களும் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டினார்கள். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பில்டர் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தார்.

பில்டர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "அதுக்கென்னங்க, தாராளமா" என்றார்.

தகராறு தீர்ந்த சந்தோஷத்தில் மேயர் அந்தச் சூட்டோடு தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டார். சட்ட அலுவலர் அதை எழுதும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று 'விண்ணப்பதாரர் அல்லது அவர் குடும்பத்தார் ஒருவர்' என்று சேர்த்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகை எழுதச் சொன்னாலும் 'மணமகன் அல்லது' என்று ஆரம்பிக்கிற ஆள் அவர். தீர்மானத்தை யாரும் படித்துப் பார்க்கவில்லை.

வீட்டில் கண்ணாடிக்கடைக்காரர் கதையைச் சொல்லி முடித்ததும் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். "ஏங்க, மறுபேச்சே இல்லாம ஒருத்தர் சரின்னு சொல்றார்னா, அதுல ஏதோ இருக்குன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

தோணவில்லை. தோணியது மனைவியின் தம்பிக்கு. அவன் பில்டரின் விற்பனை அலுவலகத்தில் வேலை பார்த்தான். பிளாஸ்டிக் மனிதர்களை நேராக நிறுத்தி வைப்பது அவன் பொறுப்பு. நாலைந்து நாள் கழித்து வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தான். பில்டர் போகவில்லை, அவருடைய மாமியார் போகிறார்.

அந்தம்மா பில்டரின் வீட்டோடு வந்து சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மருமகனிடம் ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அதுதான் பில்டருக்குத் தாங்கவில்லை. பெரிய மனிதர்கள் விருந்துக்கு வந்திருக்கும்போது, மிகுந்த மரியாதையோடு, "மாப்பிள்ளை, இந்தச் சுவர்ல விரிசல் விட்டிருக்கே, இது நீங்க கட்டினதா, வெளியாள் கட்டினதா?" என்று கேட்பார். சட்ட அலுவலரின் 'அல்லது' பில்டருக்குச் சாமி கொடுத்த வரம் மாதிரி இருந்தது.

திடலின் நடுவில் ஒரே ஒரு வீடு கிடுகிடுவென்று எழும்பியது. அதன் வாசல்வரைக்கும் மட்டும் தார் ரோடு. ரோட்டோரம் தெருவிளக்குகள். பெரிய சாலையில் போய்க்கொண்டிருந்த பஸ் காலையும் மாலையும் வளைவுக்குள் திரும்பி, அந்த வீட்டு வாசலில் நின்று, ஒரு அம்மாவை ஏற்றி இறக்கியது. வாரா வாரம் டாக்டர் வந்தார். கண்ணாடிக்கடைக்காரரின் மச்சானை விற்பனையிலிருந்து தூக்கி 'குடியிருப்போர் நலன் மேலாளர்' ஆக்கினார்கள். குடியிருப்போர் ஒரே ஆள் என்பதால், காய்கறி வாங்கிக் கொடுப்பதும் பல்பு மாற்றுவதும்தான் நலன். அவனுக்கு வீட்டின் பின்பக்கம் ஒரு அறையும் கொடுத்தார்கள்.

மேற்பார்வைக்கு நகரமைப்பு அதிகாரியும் கண்ணாடிக்கடைக்காரரும் போனார்கள். அதிகாரி குழாயைத் திறந்தார், தண்ணீர் வந்தது, குறித்துக்கொண்டார். சுவிட்சைப் போட்டார், விளக்கு எரிந்தது, குறித்துக்கொண்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டது கண்ணாடிக்கடைக்காரர்தான்.

அந்தம்மா ஒளிக்காமல் சொன்னார். விடிவதற்கு முன்னால் ஒரு லாரி வந்து மாடித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறது. சாக்கடை பின்னால் தோண்டிய குழிக்குப் போகிறது, அதை இன்னொரு லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. "ரெண்டும் வேற வேற லாரிதான்னு நம்பிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. இதை அப்படியே மன்றத்தில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். பார்த்ததைச் சொல்லுவேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன் என்றார் அந்தம்மா. அந்தம்மாவின் மூக்குக்கண்ணாடியில் ஒரு காது ஆடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதை முடுக்கிக் கொடுத்துவிட்டு, அந்தம்மாவையே தன் பக்கம் முடுக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு திரும்பினார்.

மழை வந்தது. திடல் முழுக்க முழங்கால் தண்ணீர். மேடாக்கிக் கட்டிய அந்த வீடு மட்டும் தீவு மாதிரி நின்றது. ரோடும் மேடு, ஆகவே லாரி வந்தது, பஸ் வந்தது. தம்பி கூப்பிட்டான் என்று மனைவி ஒருநாள் போய் அந்தம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் கணவனிடம், அந்தம்மா அங்கே ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார் என்றாள். ஆள் நடமாட்டம் இல்லாத காட்டில் தனியாகக் கிடக்கிற பெண்பிள்ளைக்கு என்ன சந்தோஷம் என்று அவர் அதைத் தள்ளிவிட்டார்.

மழைக்காலம் முடிந்து, மன்றத்தில் விசாரணை நாளன்று கூடத்தில் நிற்க இடமில்லை. எங்கள் முதல் குடித்தனக்காரர் என்று பில்டர் கை கூப்பி அறிமுகம் செய்துவைத்தார். அந்தம்மா மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார்.

"ரோடு நல்லா இருக்கு. பஸ் எனக்காகவே வந்து நிக்குது, டிரைவர் ஹாரன்கூட அடிக்கறதில்ல. டாக்டர் வீடு தேடி வர்றார். தண்ணிக்குக் குறையே இல்ல. இவ்வளவு நிம்மதியா நான் எங்கயும் இருந்ததில்ல."

பில்டர் சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் அவசரமாக எழுந்து, "அம்மா, அந்த லாரியப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

"சொல்றேன், அவசரப்படாதீங்க. எல்லாமே லாரிதான். ஒரு ஆளுக்கு ஒரு லாரி தாராளம். குழி நான் ஒருத்தி குளிக்கறதுக்குத் தோண்டினது. ரெண்டாவதா ஒரு குடும்பம் வந்தாக்கூட எதுவும் பத்தாது. அதனால தயவுசெஞ்சு அங்க யாரையும் விடாதீங்க."

பில்டரின் கண் திறந்தது. அப்படியென்றால் நீங்கள் இதை எதிர்க்கிறீர்களா என்று மேயர் கவலையோடு கேட்டார்.

"நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேல பாத்தவ. என் சர்வீஸ் முழுக்க இந்த ஊரே என் காதுக்குள்ள உக்காந்து பேசிச்சு. ரிட்டயர் ஆனப்புறம் மாப்பிள்ளை வீடு. அவர் போன்ல பேசறத நீங்க கேட்டிருக்கீங்களா? இப்பதான் சத்தமில்லாம ஒரு இடம் கிடைச்சிருக்கு. அதுல கொண்டுபோய் ஜனங்களக் கொட்டணுமா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் சட்ட அலுவலர் எழுந்து விளக்கம் சொன்னார். நிபந்தனை குடியிருக்க வேண்டும் என்பது, குடியிருந்தாயிற்று. குடியிருந்தவர் நூற்றுக்கு நூறு திருப்தி என்று சொல்லியாயிற்று. மற்றதெல்லாம் மாமியார் மருமகன் சமாசாரம், அதில் மாநகராட்சி தலையிட முடியாது. ஆகவே சாட்சியத்தின் முன்பாதி பதிவாகும், பின்பாதி குறிப்பிலிருந்து நீக்கப்படும்.

ஓட்டெடுப்பில் கண்ணாடிக்கடைக்காரர் எதிர்த்துக் கை தூக்கினார். திரும்பிப் பார்த்தால், அன்றைக்கு அவருக்காக மேஜையைத் தட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆதரித்துத் தூக்கியிருந்தார்கள். உங்கள் நிபந்தனைதானே, நிறைவேறிவிட்டதே, இன்னும் என்ன என்று பக்கத்து இருக்கைக்காரர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். மறுநாள் பேப்பரில், உறுப்பினரின் புதுமையான நிபந்தனை வெற்றி என்று தலைப்பு. பில்டர் அவர் தோளில் கை போட்டிருக்கிற பழைய போட்டோ ஒன்று. மனைவி அதைப் படித்துவிட்டு, மடித்து அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வீடுகள் மளமளவென்று எழுந்தன. சாமான் ஏற்றிய வண்டிகள் வளைவுக்குள் நுழைந்தன. வந்தவர்கள் முதல் நாள் நீரூற்றின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் குழாயைத் திறந்தார்கள். பிறகு, தண்ணீர் ஏறுகிற ஒரே தொட்டி எந்த வீட்டு மாடியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

விடியற்காலை லாரிச் சத்தம் கேட்டதும் அந்தம்மாவின் வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் மோதிக்கொள்ளும். வரிசைச் சண்டை, பிள்ளைகள் அழுகை, பைக் உறுமல். மேலாளர் எங்கே என்று கதவைத் தட்டுவார்கள். மேலாளர் பின்பக்கமாகச் சுவரேறிக் குதித்திருப்பான். குழி நிரம்பி ரோட்டுக்கு வந்தது. டாக்டர் ஒருநாள் வந்து கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அதோடு வருவதை நிறுத்தினார்.

அந்த ஜனங்கள் கண்ணாடிக்கடையையும் கண்டுபிடித்தார்கள். கண் சோதனைக்கு என்று உட்கார்ந்து, எழுத்துப் பலகையைக் காட்டினால், தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார்கள். அவர் மேயரிடம் போனார். மேயர் துணைக்குழு போட்டார். பில்டருக்கு நோட்டீஸ் போயிற்று. தண்ணீர்த் தொட்டி மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது, நாம் இப்போது முதல் கட்டத்தின் தொடக்கத்தில் இருக்கிறோம் என்று பதில் வந்தது. இன்னொரு நோட்டீஸ் போயிற்று. கோர்ட்டுக்குப் போவோம் என்று பதில் வந்தது. கோர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் மாநகராட்சி பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டது.

ஒருநாள் காலையில், கடையைத் திறந்து கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, டாக்சியிலிருந்து அந்தம்மா இறங்கினார். கூடவே ஒரு பெரிய பெட்டி. தூக்கம் கெட்டு முகம் சுண்டியிருந்தது.

"மாப்பிள்ளை வீடு வரைக்கும் போகணும். பெட்டி கனமா இருக்கு, கொஞ்சம் பிடிக்கறீங்களா" என்றார்.

பாவம் என்று அவர் பிடித்தார். உள்ளே என்ன இருந்ததோ, தோள்பட்டை இறங்கிவிட்டது. பில்டரின் வீட்டுக் கூடத்தில் வெளியூர் முதலீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பில்டர் முதலில் மாமியாரைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரால் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"என்ன அத்தை, திடீர்னு?"

"திடீர்னு இல்ல மாப்பிள்ளை. அங்க சத்தம் தாங்கல. தண்ணித் தொட்டி வந்து, ஜனங்க என் வாசல விட்டுப் போறவரைக்கும் இங்கயே இருந்துடலாம்னு வந்துட்டேன். எத்தன வருஷமானாலும் பரவால்ல. நீங்க அவசரப்பட வேண்டாம்." சொல்லிவிட்டு, முதலீட்டுக்காரர்களுக்கு வணக்கம் வைத்து, அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தார். "அந்த விரிசல் இப்ப கூரை வரைக்கும் போயிருக்கே."

பில்டர் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார். அவர் போனில் பேசுவதைக் கண்ணாடிக்கடைக்காரர் அன்றுதான் கேட்டார். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். மூன்றாம் கட்டமாவது மண்ணாங்கட்டியாவது, இன்றைக்கே மிஷினை இறக்கு என்று கத்தினார்.

நோட்டீஸுக்கும் துணைக்குழுவுக்கும் அசையாத திடலில் அன்று சாயங்காலமே மண் தோண்டினார்கள். அடுத்த மழைக்கு முன்னால் தொட்டி எழுந்து நின்றது. சாக்கடைக் குழாயும் போட்டார்கள். மாநகராட்சியின் உறுதியான நடவடிக்கையே இதற்குக் காரணம் என்று மன்றம் தன்னைத்தானே பாராட்டி ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டது. எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் அன்றைக்குக் கூட்டத்துக்கே போகவில்லை.

தொட்டித் திறப்பு விழாவுக்கு மட்டும் போனார். மேயர் வால்வைத் திருப்பினார், தண்ணீர் வந்தது, ஜனங்கள் மேயருக்குக் கை தட்டினார்கள். கூட்டத்திலிருந்து ஒரு தையல்காரப் பெண், இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக, கண்ணாடிக்கடைக்காரரிடம் வந்தாள். பெரியவனுக்குப் படிக்கிற வயது வந்துவிட்டது, பள்ளிக்கூடம் எப்போது வரும் என்று கேட்டாள். பள்ளிக்கூடம் இன்னும் விளம்பரப் பலகையில்தான் இருந்தது. அதில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் உடனே நாலா பக்கமும் அந்தம்மாவைத் தேடினார். பில்டர் வீட்டிலிருந்து பழையபடி தன் வீட்டுக்கே திரும்பிவிட்ட அந்தம்மா, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, இன்னொரு தடவை அந்தப் பெட்டியைத் தூக்க முடியுமா, நானே பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கா?" அந்தம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "என் வீட்டுக்கு எதிர்லதான அந்த இடம்? காலைல மணி, மத்தியானம் மணி, நாள் முழுக்க வாய்ப்பாடு. நீங்க நல்லா இருப்பீங்க, அது மட்டும் வேண்டாம்."

வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்கு அந்தம்மாமேல் கோபம். பிறகு கோபம் யார்மேல் என்று தெரியாமல் போயிற்று. ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் சொல்லிப் புலம்பினார். அந்தம்மா ஊருக்காகவா தொட்டி கட்ட வைத்தார், தன் தூக்கத்துக்காகக் கட்ட வைத்தார், நீங்கள்தான் அவரைத் தலைவராக்கிக்கொண்டீர்கள் என்றாள் அவள்.

"பின்ன நான் என்னதான் பண்றது?"

"தன் மாப்பிள்ளைக்கு எது தாங்காதுன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துது. உங்க மேயருக்கு எது தாங்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

திங்கட்கிழமை அவர் கடையை மச்சானிடம் ஒப்படைத்தார். வேலையை விட்டுவிட்டு வந்திருந்த அவன், கண்ணாடிச் சட்டங்களை ஒரே வரிசையில் நேராக நிறுத்திக்கொண்டிருந்தான். அவர் திடலுக்குப் போய், தையல்காரப் பெண்ணையும் மற்ற தாய்மார்களையும் பிள்ளைகளோடு பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்து, மேயர் அறைக்கு வெளியே நடையில் உட்கார வைத்தார். யாரும் கோஷம் போடவில்லை. பிள்ளைகள் ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொன்னார்கள். உள்ளே மேயரால் ஒரு போன்கூடப் பேச முடியவில்லை.

இரண்டாம் வாய்ப்பாடு முடிவதற்குள் மேயர் வெளியே வந்தார். என்ன இது, எத்தனை நேரம் என்று கேட்டார். இவர்களுக்கு உட்கார்ந்து படிக்க வேறு இடம் கிடைக்கிறவரை என்று கண்ணாடிக்கடைக்காரர் பணிவாகச் சொன்னார். மேயர் பிள்ளைகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உடனடியாக ஒரு துணைக்குழு போடுவதாக அறிவித்தார்.

துணைக்குழு எந்த அறையில் கூடும் என்று விசாரித்துக்கொண்டு, கண்ணாடிக்கடைக்காரர் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அந்த மாடிக்குக் கூட்டிப்போனார். மூன்றாம் வாய்ப்பாட்டை அங்கே ஆரம்பித்தார்கள்.